பழைய டீசல் பிக்கப்பில் குறைந்த செலவில் இன்டர்கூலர்

டர்போ வைத்த டீசல் எஞ்சினில், டர்போ அழுத்தி அனுப்பும் காற்றை சிலிண்டருக்குள் போகும் முன் குளிரவைக்கும் அலுமினியப் பாகம்தான் இன்டர்கூலர். பார்வைக்கு ரேடியேட்டர் போலவே இருக்கும். ஆனால் அதனுள் தண்ணீர் ஓடாது, காற்றே ஓடும். வண்டியின் முகப்பில் மோதும் வெளிக்காற்று அதன் தகடுகளுக்கு இடையே புகுந்து உள்ளே ஓடும் காற்றின் சூட்டைப் பறித்துக்கொண்டு போகும். அசையும் பாகம் எதுவும் அதில் கிடையாது. தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகளில் ஓடிய டாட்டா லாரிகளின் 697 எஞ்சினோடு ‘டிசிஐசி’ என்று சேர்த்துச் சொல்லப்படும் எழுத்துகளில் கடைசி இரண்டும் குறிப்பது இதைத்தான்: டர்போ உண்டு, இன்டர்கூலரும் உண்டு.

இப்போது வரும் டீசல் வண்டிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இது கம்பெனியிலிருந்தே வந்துவிடுகிறது. 1990களின் தொடக்கம்வரை அப்படி இல்லை. அமெரிக்காவில் அக்காலத்தில் விற்ற டர்போ டீசல் பிக்கப்புகள் பல இன்டர்கூலர் இல்லாமலே சாலைக்கு வந்தன. அவற்றில் கணிசமானவை இன்றும் குதிரை ஏற்றும் டிரெய்லர், படகு, வைக்கோல் கட்டு என்று இழுத்துக்கொண்டிருக்கின்றன. இந்த வண்டிகளுக்குப் பழைய பாகக் கடையில் எடுத்த இன்டர்கூலரையோ, மலிவான பொதுவகை இன்டர்கூலரையோ பொருத்துவது அங்கே பட்டறைகளில் வழக்கமாகிப்போன வேலை.

இதற்குச் சரியான உதாரணம் 1989 மாடலாக வந்த டாட்ஜ் ராம் டீசல் பிக்கப். டி250, டபிள்யூ250, டி350, டபிள்யூ350 ஆகிய வகைகளில், இண்டியானா மாநிலத்துக் கொலம்பஸ் நகரத்து கம்மின்ஸ் கம்பெனியின் 6பிடி எஞ்சின் அதில் வைக்கப்பட்டது. வரிசையாக 6 சிலிண்டர், 102 மில்லிமீட்டர் போர், 120 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 5.9 லிட்டர். லாரிக்கும் பண்ணை இயந்திரத்துக்கும் என்று செய்த எஞ்சினை பிக்கப்புக்குள் இறக்கியதால் அதன் ஆயுளும் லாரி எஞ்சின் ஆயுளாகவே அமைந்தது. இதே 5.9 லிட்டர் எஞ்சின்தான் பின்னர் ஜாம்ஷெட்பூரில் டாட்டா கம்மின்ஸ் ஆலையில் தயாராகி இந்திய லாரிகளிலும் ஏறியது. டாட்ஜில் அது தந்தது 160 குதிரைத்திறன், 400 பவுண்டு-அடி இழுவை. மெட்ரிக் கணக்கில் சுமார் 542 நியூட்டன்-மீட்டர்.

1991 மாடல் ஆண்டின் நடுவில் இந்த பிக்கப்பில் கம்பெனியே இன்டர்கூலர் வைத்தது. வைத்த பிறகும் அறிவித்த திறன் அதே 160 குதிரைத்திறன், இழுவையும் அதே 400தான். இன்டர்கூலர் என்றாலே பவர் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். அமெரிக்காவில் கனரக எஞ்சின்களுக்கான நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு 1991இல் ஒரு குதிரைத்திறன்-மணிக்கு 6 கிராமிலிருந்து 5 கிராமாக இறங்கியது. கரித்துகள் வரம்பு 0.60 கிராமிலிருந்து 0.25 கிராமாகச் சுருங்கியது. சிலிண்டருக்குள் போகும் காற்று குளிர்ந்தால் எரிப்பின் உச்ச வெப்பம் குறையும். நைட்ரஜன் ஆக்சைடும் குறையும். கம்பெனி இன்டர்கூலரின் பலனைப் புகையைக் குறைப்பதில் செலவிட்டது, குதிரைத்திறனில் அல்ல.

ஃபோர்டிலும் இதே கதைதான், சற்றுத் தாமதமாக. 1994 நடுவில் வந்த 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இன்டர்கூலர் கிடையாது. 1999 சூப்பர் ட்யூட்டி மாடலில்தான் வந்தது. ஆனால் அந்த வி-8 எஞ்சினில் டர்போ இரு பக்கத் தலைகளுக்கும் நடுப் பள்ளத்தில் உட்கார்ந்திருப்பதால் குழாய் வழியை மாற்றுவது கூடுதல் வேலை. டாட்ஜின் நேர்வரிசை எஞ்சினில் வலப்பக்கம் டர்போ, இடப்பக்கம் காற்று நுழையும் மேனிஃபோல்டு. இரண்டையும் எஞ்சினுக்கு மேலாகப் போகும் ஒரே ஒரு குறுக்குக் குழாய் இணைக்கிறது. அந்தக் குழாயைக் கழற்றிவிட்டு, காற்றை முன்பக்கம் கொண்டுபோய்க் குளிரவைத்துத் திரும்பக் கொண்டுவந்தால் வேலை முடிந்தது. சொல்வதற்கு எளிது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

காற்றை அழுத்தினால் அது சூடாகும். சைக்கிள் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. டர்போவில் எவ்வளவு சூடாகும் என்பதைக் கணக்காகவே போடலாம். வெளிக்காற்று 30 டிகிரி செல்சியஸ், கடல்மட்டம், டர்போ தரும் கூடுதல் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 18 பவுண்டு என்று வைத்தால், மொத்த அழுத்தம் வெளிக்காற்றைப்போல் 2.2 மடங்கு ஆகிறது. இழப்பே இல்லாத டர்போவாக இருந்தால் காற்று 78 டிகிரி ஏறும். நடைமுறையில் டர்போவின் அமுக்கித் திறன் 70 சதவீதம் என்றால் ஏற்றம் 111 டிகிரி. அதாவது குறுக்குக் குழாய்க்குள் ஓடும் காற்று 141 டிகிரியில் இருக்கும். தண்ணீரை ஆவியாக்கும் சூட்டைத் தாண்டிய காற்று அது.

சூடான காற்று விரிந்த காற்று. ஒரு லிட்டர் இடத்தில் அடங்கும் ஆக்சிஜன் அதில் குறைவு. நடுவே 70 சதவீதத் திறனுள்ள, அதாவது நடுத்தரமான, ஓர் இன்டர்கூலரை வைத்தால் 141 டிகிரி 63 டிகிரியாக இறங்கும். இன்டர்கூலருக்குள் நுழைந்து வெளிவருவதில் ஒன்றரைப் பவுண்டு அழுத்தம் நஷ்டமாகும் என்று கழித்தாலும், சிலிண்டருக்குப் போகும் காற்றின் எடை ஏறக்குறைய 17 சதவீதம் கூடுகிறது. 2500 சுற்றில் ஓடும் 5.9 லிட்டர் எஞ்சினுக்கு நிமிடத்துக்கு 12 கிலோவாக இருந்த காற்று 14 கிலோவைத் தாண்டும்.

மலைமேல் போனால் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகும். அமெரிக்காவில் டீசல் பிக்கப்பின் தரத்தை உரசிப் பார்க்கும் இடங்களில் ஒன்று கொலராடோவில் 70ஆம் எண் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலை ஐசன்ஹோவர் சுரங்கப்பாதைக்கு ஏறும் ஏற்றம். சில்வர்தார்ன் பக்கமிருந்து 7 சதவீதச் சரிவில் ஏறும் சாலை, 3400 மீட்டர் உயரத்தில் சுரங்க வாயிலைத் தொடுகிறது. அந்த உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே சதுர அங்குலத்துக்குப் பத்துப் பவுண்டுக்குக் கீழே. மேனிஃபோல்டில் அதே 18 பவுண்டைக் காட்ட வேண்டுமானால் டர்போ காற்றை 2.8 மடங்குக்கு மேல் அமுக்க வேண்டும். வெளியே 20 டிகிரிக் குளிர் இருந்தாலும் டர்போவை விட்டு வரும் காற்று 165 டிகிரியை எட்டிவிடும். இன்டர்கூலர் இல்லாத பழைய வண்டி பின்னால் பாரத்தைக் கட்டிக்கொண்டு இங்கே ஏறும்போது கரும்புகை கக்குவதற்கும், ஓட்டுநர் கியரை இறக்கி ஓரத் தடத்துக்கு ஒதுங்குவதற்கும் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

பெட்ரோல் எஞ்சினில் காற்று கூடினால் அதற்கேற்ப எரிபொருளும் கூடி பவர் ஏறும். டீசலில் அப்படி இல்லை. ஆக்ஸிலரேட்டர் மிதி நேராக டீசல் பம்பைத்தான் ஆள்கிறது. எவ்வளவு டீசல் உள்ளே போகிறதோ அவ்வளவே பவர். பம்பைத் தொடாமல் இன்டர்கூலர் மட்டும் வைத்தால், அதே அளவு டீசல் அதிகக் காற்றில் எரியும். முன்பு காற்று போதாமல் கரும்புகையாகப் போனது இப்போது முழுதாக எரியும். அந்த அளவுக்குக் கொஞ்சம் இழுவை கூடும், டீசல் கொஞ்சம் மிச்சமாகும். பெரிய மாற்றம் புகைச்சூட்டில் தெரியும். உள்ளே போகும் காற்று எத்தனை டிகிரி குறைகிறதோ, வெளியே வரும் புகையும் ஏறக்குறைய அத்தனை டிகிரி குறையும் என்பது பட்டறைக் கணக்கு. மேலே போட்ட கணக்குப்படி அது 80 டிகிரிக்கு அருகில்.

அந்த 80 டிகிரிதான் இந்த வேலை முழுவதன் அர்த்தமும். டீசல் எஞ்சினின் பிஸ்டன் அலுமினியக் கலவை. டர்போவுக்கு முன்னால், புகை வெளிவரும் மேனிஃபோல்டில் அளந்தால், நீண்ட நேரம் பாரம் இழுக்கும்போது புகைச்சூடு 1250 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க டீசல்காரர்கள் பொதுவாகப் பிடித்துக்கொண்டிருக்கும் எல்லை. செல்சியஸில் சுமார் 675. ஓரிரு நொடி தாண்டினால் ஒன்றும் ஆகாது. பத்து நிமிடம் ஏற்றத்தில் தாண்டியே நின்றால் பிஸ்டன் தலை இளகத் தொடங்கும், டர்போவின் சூட்டுப் பக்கச் சக்கரம் அடிபடும். ஆகவே இன்டர்கூலரைப் பவர் கூட்டும் பாகம் என்று பார்ப்பதைவிட, எஞ்சினுக்குச் சூட்டில் கொஞ்சம் இடைவெளி வாங்கிக் கொடுக்கும் பாகம் என்று பார்ப்பதே சரி. அந்த இடைவெளியை ஆயுளுக்காகச் சேமிப்பதா, கூடுதல் டீசல் ஊற்றிச் செலவிடுவதா என்பது உரிமையாளர் முடிவு.

இதிலிருந்தே செலவின் வரிசையும் பிறக்கிறது. இன்டர்கூலர் வாங்கும் முன் வாங்க வேண்டியது புகைச்சூடு காட்டும் பைரோமீட்டர். அது இல்லாமல் இன்டர்கூலர் வைத்தால் பலன் கிடைத்ததா இல்லையா என்பதைக் காட்ட எதுவும் இருக்காது. அதன் உணர்முனை கே வகை தெர்மோகப்பிள். டர்போவுக்குப் பின்னால் சைலன்சர் குழாயில் வைப்பது சுலபம். ஆனால் டர்போ சூட்டின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்ட பிறகு அங்கே தெரியும் எண், பாரத்தில் நூறு டிகிரிக்கு மேலும் குறைவாகக் காட்டும். புகை மேனிஃபோல்டில், டர்போவுக்கு முன்னால் துளையிட்டு வைப்பதே முறை. துளையிடும்போது டிரில் முனையில் கிரீஸ் தடவ வேண்டும், மெதுவாகச் சுற்ற வேண்டும், துளை திறக்கும் கட்டத்தில் எஞ்சினை ஐடிலில் ஓடவிட வேண்டும். வெளிவரும் புகையே இரும்புத் துருவலை ஊதித் தள்ளிவிடும். ஒரு துருவல் டர்போவுக்குள் போனாலும் நஷ்டம் இன்டர்கூலர் விலையைத் தாண்டும்.

கூடவே அழுத்தமானி ஒன்று. அதைப் படிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இன்டர்கூலர் வைத்த மறுநாள் மேனிஃபோல்டு அழுத்தம் 18 இருந்த இடத்தில் 16 காட்டும். ‘வண்டி கெட்டுப்போச்சு’ என்ற புலம்பல் எழும். அழுத்தமானி காட்டுவது அழுத்தத்தை, காற்றின் அளவை அல்ல. காற்று குளிர்ந்து சுருங்கியதால் அழுத்தம் இறங்குகிறது. புகைச்சூடு குறைந்ததால் டர்போவைச் சுழற்றும் விசையும் சிறிது குறைகிறது. இன்டர்கூலர் தானும் ஒன்றரைப் பவுண்டு தின்கிறது. உள்ளே போகும் காற்றின் எடை அதிகமாகத்தான் இருக்கும். இரண்டு பவுண்டு இறக்கம் இயல்பு. ஐந்தாறு இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது.

இனி இன்டர்கூலரைத் தேர்வது. மலிவுக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, 1991 நடுவிலிருந்து 1993வரை வந்த அதே டாட்ஜ் வண்டியிலிருந்து எடுத்தது. சென்னைக்குப் புதுப்பேட்டை எப்படியோ அப்படி ஒவ்வோர் அமெரிக்க ஊருக்கும் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் களம் உண்டு. அளவு ஒத்துப்போகும், குழாய்களும் கூடவே கிடைக்கும். ஆனால் இன்டர்கூலரோடு வந்த வண்டியின் முகப்புச் சட்டமும் ரேடியேட்டர் அமைப்பும் பழைய வண்டியினுடையதுபோல் இல்லாததால், சட்டத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும் அல்லது இருக்கும் சட்டத்தை வெட்டித் திருத்த வேண்டும். இரண்டாவது, 1994க்குப் பின் வந்த டாட்ஜின் பெரிய இன்டர்கூலர். இதற்கு வெட்டு வேலை இன்னும் அதிகம். மூன்றாவது, வேறு வண்டியுடையது அல்லது பெயரில்லாத பொதுவகை. இசுஸு என்பிஆர் சிறு லாரியின் இன்டர்கூலர் அமெரிக்கக் கைவினைப் பட்டறைகளில் பேர்போனது: கனமான அலுமினியம், நல்ல பரப்பு, கம்பெனித் தரம்.

புதிதாக விற்கும் மலிவு வகைகளில் ஏமாற்றும் விஷயம் அளவுதான். விளம்பரத்தில் சொல்லும் நீளம் இரு முனைத் தொட்டிகளையும் சேர்த்தது. குளிரவைப்பது நடுவிலுள்ள தகட்டுப் பகுதி மட்டுமே. தடிமன் கூடியதைப் பெருமையாகச் சொல்வார்கள். தடிமனைவிட முகப்பரப்பே முக்கியம், ஏனென்றால் தடிமனான தகட்டின் பின்பாதிக்குப் போகும் வெளிக்காற்று முன்பாதியிலேயே சூடாகிவிடுகிறது. கட்டுமானத்திலும் இரண்டு வகை. தட்டையான குழாய்களுக்கு இடையே மடிப்புத் தகடு வைத்தது இலகுவானது, வெளிக்காற்றைத் தாராளமாக விடும். அலுமினியச் சட்டங்களையும் தகடுகளையும் அடுக்கி உருக்கியிணைத்தது கனமானது, அடி தாங்கும், ஆனால் பின்னால் உள்ள ரேடியேட்டருக்குப் போகும் காற்றை அதிகம் தடுக்கும். பந்தய வண்டிக்கு இரண்டாவது பொருந்தலாம். பாரம் இழுக்கும் வண்டிக்குக் கம்பெனி வகையான முதலாவதே மேல், அது பழையதாக இருந்தாலும்.

பழையதை வாங்கினால் சுத்தம் செய்வதில் சோம்பல் கூடாது. டர்போ உடைந்து போன வண்டியிலிருந்து வந்த இன்டர்கூலருக்குள் எண்ணெய் தேங்கியிருக்கும்; அதைவிட மோசம், உடைந்த சக்கரத்தின் அலுமினியத் துணுக்குகள் மடிப்புகளில் சிக்கியிருக்கும். மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானை ஊற்றிச் சில மணி நேரம் ஊறவைத்து, இரு பக்கமும் ஆட்டி, கவிழ்த்து, வெந்நீரும் சோப்பும் விட்டு அலசி, காற்றடித்து உலர்த்த வேண்டும். வடியும் திரவத்தை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பார்த்தால் மின்னும் துகள் தெரியும். நாலைந்து முறை அலசியும் துகள் வந்துகொண்டே இருந்தால் அந்தப் பாகத்தை எடைக்குப் போட்டுவிடுவதே நல்லது. எண்ணெய் ஊறிய அலுமினியத்தில் வெல்டிங் சரியாகப் பிடிக்காது என்பதால், முனைத் தொட்டியின் வாயைத் திருப்பி ஒட்ட வேண்டியிருந்தாலும் சுத்தமே முதல் வேலை.

பொருத்தும் இடம் ரேடியேட்டருக்கு முன்னால். இதற்கும் ஒரு விலை உண்டு. நிமிடத்துக்கு 14 கிலோ காற்றை 78 டிகிரி குளிரவைப்பது என்றால், ஏறக்குறைய 18 கிலோவாட் வெப்பத்தை வெளியே தள்ளுவது. அந்த வெப்பம் ரேடியேட்டருக்குப் போகும் காற்றில்தான் ஏறுகிறது. முகப்பின் வழியே நொடிக்கு 2 கிலோ காற்று நுழைவதாகக் கொண்டால் அது ரேடியேட்டரைத் தொடும் முன்பே 9 டிகிரி சூடாகிவிடும். ரேடியேட்டர் அடைப்பில்லாமலும், விசிறியின் கிளட்ச் ஒழுங்காகப் பிடிப்பதாகவும் இருந்தால் இது பொருட்டல்ல. முப்பது வருஷ ரேடியேட்டர் பாதி அடைத்திருந்தால், முன்பு எப்படியோ தாக்குப்பிடித்த வண்டி இன்டர்கூலர் வைத்த பிறகு கொதிக்கும். பழி இன்டர்கூலர்மேல் விழும். இன்டர்கூலரைச் சுற்றியுள்ள சந்துகளை ரப்பர் பட்டையால் அடைத்துவிடுவதும் அவசியம். வழி கிடைத்தால் காற்று தகடுகளுக்குள் நுழையாமல் பக்கவாட்டில் நழுவிப் போய்விடும்.

ரேடியேட்டரைக் கழற்றி எஞ்சினின் முகம் திறந்து கிடக்கும் நேரத்தில் செய்துவிட வேண்டிய வேறொரு காரியம் உண்டு. இந்த எஞ்சினில் டைமிங் கியர்ப் பெட்டியை நிலைநிறுத்தும் ஒரு சிறிய எஃகு முளை, வருஷக்கணக்கான அதிர்வில் மெல்ல நகர்ந்து வெளியே வரும். கியர்ப் பற்களுக்கு நடுவே விழுந்தால் பெட்டி உடையும், சில வேளை எஞ்சினே போகும். அமெரிக்க மெக்கானிக்குகள் அதற்குக் கொலைகார முளை என்றே பேர் வைத்திருக்கிறார்கள். முன்மூடியைக் கழற்றி, முளை வெளியே வராதபடி அதன் வாயை மறித்து ஒரு சிறு தகட்டை போல்ட்டில் முடுக்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது. இன்டர்கூலரோடு இதற்குச் சம்பந்தம் இல்லைதான். ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதைச் செய்வது அறிவான செலவல்ல.

குழாய்க்கு வருவோர் பெரும்பாலும் கேட்பது 3 அங்குலம். 160 முதல் 220 குதிரைத்திறன்வரை போகும் இந்த வண்டிக்கு இரண்டரை அங்குலமே போதும். நிமிடத்துக்கு 14 கிலோ காற்று இரண்டரை அங்குலக் குழாயில் சூட்டுப் பக்கத்தில்கூட நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில்தான் ஓடும். அது தொல்லை தரும் வேகமே அல்ல. அழுத்தத்தைத் தின்பது குழாயின் விட்டத்தைவிட அதன் கூர்மையான வளைவுகள். வளைக்கும்போது நசுங்காத முறையில் வளைத்த குழாய்த் துண்டுகளை வாங்கி, வெட்டி, ஒட்டிக்கொள்ளலாம். அலுமினியம் வெல்டிங்குக்கு ஆள் இல்லாத ஊரில் சைலன்சர்க் கடையின் அலுமினியம் பூசிய இரும்புக் குழாயே வேலைக்கு ஆகும். டர்போவின் ஹோல்செட் ஹெச்1சி அமுக்கிக் கூடு ஒரு வளையக் கிளாம்பில் பிடித்திருக்கிறது. அதைத் தளர்த்திக் கூட்டைத் திருப்பினால் வாய் வேண்டிய திசைக்கு வரும். மேனிஃபோல்டு வாயில் குளிர்காலத்துக்காகக் கம்பெனி வைத்த மின்சூடேற்றித் தகடுகளை இடைஞ்சல் என்று கழற்றி எறிவது வேண்டாம்.

இணைப்புகளே இந்த வேலையின் பலவீனமான இடம். 18 பவுண்டு அழுத்தம் இரண்டரை அங்குலக் குழாயின் முனையைச் சுமார் 40 கிலோ விசையோடு வெளியே தள்ளுகிறது. 3 அங்குலமானால் 58 கிலோ. வழவழப்பான குழாய் முனையில் சிலிக்கான் ஹோஸை மாட்டி, ரேடியேட்டர் ஹோஸுக்குப் போடும் பல்வெட்டுக் கிளாம்பை முடுக்கினால் முதல் ஏற்றத்திலேயே ‘டப்’ என்று கழன்றுவிடும். குழாய் முனையைச் சுற்றிலும் ஒரு வரம்பு எழுப்ப வேண்டும். அதற்கான உருட்டுக் கருவி இல்லாவிட்டால் மூன்று நான்கு இடங்களில் சிறு வெல்டிங் புள்ளிகள் வைத்து, ஹோஸைக் கிழிக்காதபடி ராவிவிடலாம். கிளாம்ப், டி வடிவ போல்ட் உள்ளதாக இருக்க வேண்டும். நேர்வரிசை டீசல் ஐடிலில் நன்றாகவே குலுங்கும். இன்டர்கூலரோ சட்டத்தோடு அசையாமல் நிற்கும். எனவே எஞ்சின் பக்க இணைப்புகளில் நடுவே புடைப்புள்ள ஹோஸ் வேண்டும், இல்லையேல் குலுக்கல் முழுவதும் இன்டர்கூலரின் கழுத்தில் இறங்கி வெல்டிங்கில் கீறல் விழும். ஹோஸை மாட்டும்போது வழுக்குவதற்கு எண்ணெய் தடவுவது கெட்ட பழக்கம். சோப்புத் தண்ணீர் போதும், அது காய்ந்த பின் பிடித்துக்கொள்ளும்.

எல்லாம் மாட்டியதும் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடாமல் ஒழுகல் பார்க்க வேண்டும். டர்போவின் காற்று நுழைவாயை, டயர் வால்வு பொருத்திய ஒரு மூடியால் அடைத்து, கம்ப்ரெஸரிலிருந்து 15 பவுண்டு காற்றை மெதுவாக விட வேண்டும். ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். எஞ்சின் ஆயில் ஊற்றும் வாயில் லேசாகச் சீறல் கேட்பது கோளாறல்ல; திறந்திருக்கும் வால்வு வழியாகப் புகுந்து பிஸ்டன் வளையங்களைத் தாண்டி வரும் காற்று அது. மூடி பறந்து முகத்தில் அடிக்காதபடி அதற்கு நேராக யாரும் நிற்கக் கூடாது, 20 பவுண்டுக்கு மேல் ஏற்றவும் கூடாது.

இதற்குப் பிறகே டீசல் கூட்டுவதைப் பற்றிய பேச்சு. இந்த வண்டியில் இருப்பது பாஷ் விஇ சுழல் பம்ப். அதன் தலையில் டர்போ அழுத்தத்துக்கு ஏற்ப டீசலைக் கூட்டும் சவ்வும், அதன் கீழே சரிவாகக் கடைந்த ஊசியும் உண்டு. பின்பக்கம் முழுச்சுமை டீசலை நிர்ணயிக்கும் திருகு. திருகை ஒரே மூச்சில் திருப்புவது வழக்கமான தவறு. கொஞ்சம் திருப்பினாலே ஐடில் ஏறும். அளவு மீறினால் மிதியை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்காமல் தானே ஏறும். கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, ஐடிலைத் திருத்தி, பாரத்தோடு ஏற்றத்தில் ஓட்டி, பைரோமீட்டரைப் பார்த்து, பிறகே அடுத்தது. முழுப் பாரத்தில் 1250 ஃபாரன்ஹீட்டை ஊசி எட்டினால் அங்கே நிறுத்த வேண்டும். இன்டர்கூலர் வாங்கிக் கொடுத்த 80 டிகிரியையும் டீசலில் கரைத்துவிட்டால், வண்டி முன்பு இருந்த ஆபத்திலேயே, கூடுதல் வேகத்தோடு இருக்கும்.

டர்போவிலும் ஒரு வேறுபாடு உண்டு. இன்டர்கூலர் இல்லாத வண்டியில் டர்போவின் புகைப் பக்கக் கூடு 21 சதுர சென்டிமீட்டர். இன்டர்கூலரோடு வந்ததில் 18. சிறிய கூடு சீக்கிரம் சுழலத் தொடங்கும். இன்டர்கூலர் வைத்த பின் கீழ்ச் சுற்றில் டர்போ தூங்குவதாகத் தோன்றினால், அந்த 18 கூட்டைத் தேடி மாட்டுவது அடுத்த மலிவான மாற்றம். கெட்ராக் ஐந்து கியர்ப் பெட்டியும் பழைய மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கும் 400 பவுண்டு-அடிக்கு என்று வந்தவை. எஞ்சின் தாங்குவதை எல்லாம் அவை தாங்காது. கிளட்ச் அதற்கும் முன்னால் கைவிடும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் மாசு அளவை நிர்ணயிக்கும் பாகங்களிலும் அமைப்புகளிலும் கைவைப்பதைத் தடை செய்கிறது. கலிஃபோர்னியாவின் புகைப் பரிசோதனை டீசலில் 1998 மாடலிலிருந்தே தொடங்குவதால் 1989 வண்டி சோதனைக்குப் போக வேண்டியதில்லை. அதனால் தடை நீங்கிவிடுவதில்லை. புகையைக் குறைக்கும் இன்டர்கூலரைவிட, புகையைக் கூட்டும் பம்ப் திருகல்தான் இங்கே சிக்கல். இந்தியாவில் இதுபோன்ற மாற்றத்தை நினைப்பவர்களுக்கு 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52ஆம் பிரிவு இருக்கிறது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை அது கட்டுப்படுத்துகிறது.

பொருத்திய பின் முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் கிளாம்புகளை ஒருமுறை முடுக்கிப் பார்க்க வேண்டும், சூடாகி ஆறும்போது சிலிக்கான் சற்று அமுங்கும். வருஷத்துக்கு ஒருமுறை தகடுகளில் படியும் பூச்சியையும் புழுதியையும் பின்பக்கமிருந்து மெதுவான தண்ணீரால் கழுவ வேண்டும். அழுத்தத் தண்ணீர் தகடுகளை மடக்கிவிடும். பனி உறையும் மாநிலங்களில் குளிர்காலத்துக்கு முகப்பில் திரை கட்டினால் வெள்ளைப்புகை குறையும். வெறும் வண்டியாகக் கடைக்கும் வேலைக்கும் போய்வருபவருக்கு இந்தச் செலவு தேவையே இல்லை. அவர் ஓட்டத்தில் 1250 ஃபாரன்ஹீட்டுக்கு அருகில் ஊசி போகப்போவதில்லை. மாதத்தில் சில நாளாவது இரண்டு மூன்று டன் பாரத்தை மலைமேல் இழுப்பவர், முதலில் பைரோமீட்டரை வாங்கி மாட்டி, இப்போதைய வண்டியை ஒரு முறை அதே ஏற்றத்தில் ஏற்றிப் பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகு இன்டர்கூலர் தேடக் கிளம்பலாம்.